செக் பவுன்ஸ் கேஸ்ல பிடிவாரண்டா? கடனை அடைச்சா மட்டும் போதாது!

வழக்கமா சேமிப்பு, எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு யாரும் பேசத் தயங்குற ஒரு விஷயத்தைப் பார்க்கப் போறோம். நம்ம பேர்ல கோர்ட்ல ஒரு பிடிவாரண்ட் நிலுவையில இருந்தா என்ன செய்யணும்? "நான் என்ன திருடனா, எனக்கு எதுக்கு வாரண்ட்?"னு நினைக்கிறீங்களா? சம்பளம் வாங்குற சாதாரண ஆளுக்கு வாரண்ட் வர்ற வழி பெரும்பாலும் ஒரு செக் லீஃப்தான்.

ஒரு உதாரணம் சொல்றேன். கற்பனைதான், ஆனா கேட்டதும் உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது ஒருத்தர் ஞாபகத்துக்கு வருவார்.

உங்க வீடு சிதம்பரத்துல, வேலை சென்னையில. மாதச் சம்பளம் 30,000 ரூபாய். மூணு வருஷத்துக்கு முன்னாடி தங்கச்சி கல்யாணத்துக்காக கடலூர்ல ஒருத்தர்கிட்ட 80,000 ரூபாய் கடன் வாங்குனீங்க. அவர் ஒரு செக்ல கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டார். நடுவுல வேலை போச்சு, பணம் தர முடியல, அவர் செக்கை பேங்க்ல போட்டார், ரிட்டர்ன் ஆச்சு. சிதம்பரம் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தப்போ வீடு பூட்டியிருந்தது. அப்புறம் புது வேலை கிடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஜிபே-ல முழுப் பணத்தையும் அடைச்சிட்டீங்க. அவரும் "சரி தம்பி, கணக்கு முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டார்.

இப்போ கம்பெனி ஆன்சைட் அனுப்புறாங்கன்னு பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்றீங்க. போலீஸ் வெரிஃபிகேஷன்ல சொல்றாங்க: "உங்க மேல கடலூர் கோர்ட்ல வாரண்ட் இருக்கே?"

கடன் முடிஞ்சுது. கேஸ் முடியல. இது ரெண்டும் வேற வேற. இந்தக் கட்டுரையில இருந்து நீங்க ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டா, அது இதுவா இருக்கட்டும்.

செக் எப்படி கேஸ் ஆகுது?

செக் பவுன்ஸ் ஆனா அது கிரிமினல் வழக்கு. 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்துல 138-வது பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதிகபட்ச தண்டனை 2 வருஷம் சிறை, அல்லது செக் தொகையைப் போல 2 மடங்கு வரை அபராதம், அல்லது ரெண்டும் சேர்த்து.

வரிசை இப்படித்தான்:

1. செக்ல போட்ட தேதியிலிருந்து 3 மாசத்துக்குள்ள அதை பேங்க்ல போடணும்.
2. ரிட்டர்ன் ஆன தகவல் வந்த 30 நாளுக்குள்ள உங்களுக்கு எழுத்துமூலமா நோட்டீஸ் அனுப்பணும்.
3. நோட்டீஸ் உங்க கையில கிடைச்சதிலிருந்து 15 நாள் உங்களுக்கு அவகாசம். அதுக்குள்ள பணம் கொடுத்தா குற்றமே ஆகாது.
4. கொடுக்கலைன்னா, அடுத்த ஒரு மாசத்துக்குள்ள அவர் மாஜிஸ்திரேட் கோர்ட்ல புகார் தாக்கல் செய்யலாம்.

"நோட்டீஸ் என் கைக்கே வரல, அப்போ கேஸ் செல்லாதுதானே?"ன்னு கேட்பீங்க. 2007-ல சி.சி. அலவி ஹாஜி வழக்குல உச்ச நீதிமன்றம் இதுக்குப் பதில் சொல்லியிருக்கு. சரியான முகவரிக்கு பதிவுத் தபால்ல அனுப்பியிருந்தா, அது சேர்ந்ததாகவே எடுத்துக்கலாம். வீடு பூட்டியிருந்தது, வாங்க மறுத்தாங்க என்பதெல்லாம் தப்பிக்க வழி இல்லை. ஆனா அதே தீர்ப்புல ஒரு நல்ல கதவும் திறந்திருக்கு: உண்மையிலேயே நோட்டீஸ் கிடைக்காதவர், கோர்ட் சம்மன் கிடைச்ச 15 நாளுக்குள்ள செக் தொகையைக் கட்டிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதனால சம்மன் வந்தா பயந்து பீரோவுல வைக்காதீங்க. அது உங்களுக்குக் கிடைச்ச கடைசி இலவச வாய்ப்பு.

இன்னொரு தப்பான நம்பிக்கை: "நான் வெறும் கையெழுத்து மட்டும்தான் போட்டேன், தொகையை அவர்தான் எழுதினார்." பீர் சிங் வழக்குல 2019-ல உச்ச நீதிமன்றம் சொன்னது, விரும்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கை வேற ஒருத்தர் நிரப்பினாலும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்குத்தான். கடன் இல்லைன்னு நிரூபிக்க உங்களுக்கு வாய்ப்பு உண்டு. ஆனா அந்தச் சுமை உங்க தலையில வந்து விழும்.

வீடு சிதம்பரம், கேஸ் ஏன் கடலூர்ல?

சிதம்பரத்துலயும் கோர்ட் இருக்கு. ஆனா 2015-ல கொண்டுவந்த திருத்தப்படி, செக்கைத் தன் அக்கவுண்ட்ல போட்டு வசூலிக்கிறவர் எந்தக் கிளையில அக்கவுண்ட் வச்சிருக்காரோ, அந்த ஊர் கோர்ட்லதான் வழக்கு. கடன் கொடுத்தவரோட பேங்க் கிளை கடலூர்ல இருந்தா கேஸும் கடலூர்லதான். உங்க வீடு, உங்க பேங்க், கையெழுத்துப் போட்ட இடம், எதுவும் கணக்கில்லை. "நம்ம ஊர் கோர்ட்ல விசாரிச்சேன், ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க"ன்னு நிம்மதியா இருக்காதீங்க. ரெண்டு ஊர்லயும் பாருங்க.

சம்மன், வாரண்ட், பிடிவாரண்ட்: என்ன வித்தியாசம்?

முதல்ல சம்மன். "இந்தத் தேதியில வா" என்கிற அழைப்பு. வரலைன்னா ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட். இதுல போலீஸ் உங்களைப் பிடிச்சாலும், குறிப்பிட்ட தொகைக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து, கோர்ட்டுக்கு வர்றேன்னு சொன்னா விட்டுடணும். அதுக்கும் வரலைன்னா என்.பி.டபிள்யூ., அதாவது ஜாமீனில் விடமுடியாத வாரண்ட். இதைத்தான் பேச்சுவழக்குல பிடிவாரண்ட்னு சொல்றோம். இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்குல 2007-ல உச்ச நீதிமன்றமும் இந்தப் படிவரிசையைத்தான் வலியுறுத்தியிருக்கு.

இங்க நிறைய பேர் குழம்புவாங்க. செக் பவுன்ஸ் ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம்தான். ஆனா வாய்தாவுக்கு வராம இருந்தா, அதே கேஸ்ல கோர்ட் பிடிவாரண்ட் போடலாம். குற்றத்தோட தன்மை வேற, வாரண்டோட தன்மை வேற. ஆக, உங்களை வாரண்ட் வரைக்கும் கொண்டுபோனது 80,000 ரூபாய் கடன் இல்லை. கோர்ட்டுக்குப் போகாததுதான்.

வாரண்டுக்கு எக்ஸ்பைரி டேட் கிடையாது

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமல்ல இருக்கு. சுருக்கமா பி.என்.எஸ்.எஸ். இதோட 72-வது பிரிவு சொல்றது: வாரண்ட் போட்ட கோர்ட்டே ரத்து பண்ற வரைக்கும், அல்லது அது நிறைவேற்றப்படுற வரைக்கும் வாரண்ட் உயிரோட இருக்கும். அஞ்சு வருஷம் ஆச்சு, போலீஸ் யாரும் வரல, தானா போயிருக்கும்னு நினைக்காதீங்க.

ஊரை விட்டுப் போனாலும் பயனில்லை. கடலூர்க்காரங்களுக்கு ஒரு வரலாறு தெரிஞ்சிருக்கும். 1908-ல ஆங்கிலேய அரசு கைது செய்யும்னு ஆனப்போ பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். அங்க அப்போ பிரெஞ்சு ஆட்சி. பத்து வருஷம் கழிச்சு, 1918 நவம்பர்ல எல்லை தாண்டி வந்தப்போ கடலூர் பக்கத்துல கைதாகி, கடலூர் சிறையில வச்சாங்க. அவர் நாட்டுக்காகப் போனவர், நம்ம செக் கேஸோட அதை ஒப்பிடவே கூடாது. ஆனா ஒண்ணு கவனிங்க: அவருக்கு இருந்த அந்த எல்லை இன்னைக்கு நமக்கு இல்லை. வாரண்ட்டை இந்தியாவுல எந்த இடத்துலயும் நிறைவேற்றலாம். புதுச்சேரி, பெங்களூரு, சென்னை எல்லாம் ஒண்ணுதான்.

இன்னும் இழுத்தா, உங்களைத் தலைமறைவுன்னு அறிவிக்கவும் சொத்தை ஜப்தி பண்ணவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. பாஸ்போர்ட் சட்டம் 1967-ன் 6-வது பிரிவுப்படி, சம்மனோ வாரண்டோ நிலுவையில இருந்தாலே பாஸ்போர்ட் மறுக்கலாம். அரசு வேலையில இருக்கறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். 48 மணி நேரத்துக்கு மேல காவல்ல இருந்தா சஸ்பெண்ட் ஆனதாவே எடுத்துக்குவாங்க.

உங்க பேர்ல இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

ஈ-கோர்ட்ஸ் இணையதளம், மொபைல் ஆப் ரெண்டுமே இலவசம். மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் கடலூர். அப்புறம் கோர்ட் வளாகத்துல முதல்ல கடலூர், அடுத்து சிதம்பரம் ரெண்டையும் தனித்தனியா தேர்ந்தெடுத்து, உங்க பேரையும் வருஷத்தையும் போட்டுத் தேடுங்க. பேரோட ஸ்பெல்லிங்கை ரெண்டு மூணு விதமா மாத்திப் பாருங்க, இனிஷியலோடயும் இல்லாமயும். கேஸ் கிடைச்சா 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறிச்சுக்கோங்க. அடுத்த வாய்தா எதுக்காகன்னு போட்டிருக்கிற இடத்துல என்.பி.டபிள்யூ.ன்னு இருந்தா வாரண்ட் நிலுவையில இருக்கு.

ஆப்ல காட்டலைன்னு முழுசா நம்பவும் வேண்டாம். சந்தேகம் இருந்தா ஒரு வக்கீல் மூலமா கோர்ட் பதிவேட்டையே பார்க்கச் சொல்லுங்க.

வாரண்ட்டை ரத்து பண்றது எப்படி?

இதுக்குப் பேர் வாரண்ட் ரீகால். பழைய சட்டத்துல 70(2) மனு. இப்போ பி.என்.எஸ்.எஸ். 72(2).

முதல் வேலை, அந்த கோர்ட்லயே பழக்கமான ஒரு வக்கீலைப் பிடிங்க. கடலூர் கேஸுக்குக் கடலூர் வக்கீல். வசதி இல்லைன்னா கடலூர்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, சிதம்பரத்துல வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு. உதவி எண் 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், காவல்ல இருக்கறவங்களுக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் கிடைக்கும். மத்தவங்களுக்கு வருமான வரம்பு உண்டு.

ரெண்டாவது, நீங்க நேர்ல போங்க. வாரண்ட் விஷயத்துல வக்கீலை மட்டும் அனுப்புறது நல்லதில்லை. தானா வந்து நிக்கிறவரையும் போலீஸ் பிடிச்சுக் கொண்டுவர்றவரையும் கோர்ட் ஒரே மாதிரி பார்க்காது. திங்கள் முதல் வியாழன் வரைக்கும் ஏதாவது ஒரு நாள் காலையிலயே போயிடுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் ஏதாவது சிக்கலானா நடுவுல சனி, ஞாயிறு வந்துடும்.

மூணாவது, ஏன் வரலைங்கிறதுக்கு ஆதாரம். ஆஸ்பத்திரி சீட்டு, சென்னையில வேலை பார்த்ததுக்கான ஆர்டர், வீடு மாறினதுக்கான வாடகை ஒப்பந்தம், எது உண்மையோ அது. பொய்யா மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கிக்கிட்டுப் போகாதீங்க. ஒரு கேஸ் ரெண்டு கேஸாகிடும்.

நாலாவது, ஜாமீன்தாரர் ரெண்டு பேரைத் தயாரா கூட்டிக்கிட்டுப் போங்க. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதுன்னு என்னென்ன வேணும்னு முதல் நாளே வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க. கோர்ட் ரீகால் பண்ணும்போது பத்திரம் எழுதச் சொல்லலாம், செலவுத் தொகை கட்டச் சொல்லலாம். எவ்வளவுங்கிறது மாஜிஸ்திரேட் முடிவு. ரீகால் கட்டாயம் கிடைக்கும்னு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அப்படித் தர்றவரை நம்பாதீங்க.

அஞ்சாவது, ரீகால் ஆன உத்தரவோட நகல். இதை விடவே கூடாது. ஏன்னு ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன். 2002-ல மும்பையில ஒரு வழக்கறிஞர் மேல பிடிவாரண்ட். அவர் கோர்ட்டுக்குப் போய் அதை ரத்து பண்ணிட்டார். ஆனா சில நாள் கழிச்சு, ஆகஸ்ட் 15 அன்னைக்கு, அதே வாரண்டை வச்சு போலீஸ் அவரைக் கைது பண்ணிடுச்சு. ரத்தான உத்தரவு அவர் கையில இல்லை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், வாரண்ட் போடுறதுக்கும் ரத்து பண்றதுக்கும் பதிவேடு வைக்கணும்னு 2011-ல வழிகாட்டுதல் வந்தது. சட்டம் படிச்சவருக்கே இந்த நிலைமைன்னா நமக்கு? நகல் வாங்கி, ஒண்ணை வாரண்ட் போயிருக்கிற போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்து ஒப்புதல் வாங்குங்க. ஒண்ணை போன்ல போட்டோவா வச்சுக்கோங்க.

ஒருவேளை அதுக்கு முன்னாடியே போலீஸ் வந்துட்டா ஓடாதீங்க, வாக்குவாதம் பண்ணாதீங்க. வாரண்ட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வீட்டுக்குத் தகவல் சொல்லலாம், வக்கீலைக் கூப்பிடலாம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள கோர்ட் முன்னாடி நிறுத்தணும்.

ரீகால் ஆச்சு, கேஸ்?

ரீகால் ஆனா கேஸ் முடிஞ்சதுன்னு அர்த்தமில்லை. விட்ட இடத்துலிருந்து கேஸ் ஓடும். வர முடியாத வாய்தாவுக்கு வக்கீல் மூலமா முன்கூட்டியே மனுப் போட்டுடணும். சும்மா இருந்தா திரும்பவும் வாரண்ட்தான்.

நம்ம உதாரணத்துல பணம் கட்டியாச்சு. அப்போ கடன் கொடுத்தவரும் நீங்களும் ராஜி மனு போட்டு, கோர்ட்லயே கேஸை முடிக்கணும். 147-வது பிரிவு இதுக்கு இடம் கொடுக்குது. மக்கள் நீதிமன்றத்துலயும் முடிக்கலாம். ஜிபே ஸ்க்ரீன்ஷாட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் எடுத்து வைங்க. "அண்ணே, பணம் வந்துடுச்சே, ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்து சொல்லிடுங்க"ன்னு மரியாதையா கேளுங்க. பெரும்பாலானவங்க வருவாங்க. அவருக்கும் வாய்தாவுக்கு அலையறது செலவுதான்.

இப்போ நம்ம பாணியில கணக்குப் போடுவோம்

செக் தொகை 80,000 ரூபாய்.

- நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள்ள கொடுத்தா: 80,000. கேஸே இல்லை.
- கோர்ட்ல, உங்க தரப்பு சாட்சியம் பதிவாகறதுக்கு முன்னாடி முடிச்சா: 80,000. 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் மாத்தி அமைச்ச விதிப்படி இந்தக் கட்டத்துல சமரசச் செலவு இல்லாமலே அனுமதிக்கலாம்.
- அதுக்கு அப்புறம், தீர்ப்புக்கு முன்னாடி முடிச்சா: கூடுதலா 5 சதவீதம், அதாவது 4,000.
- செஷன்ஸ் கோர்ட், ஹைகோர்ட் வரைக்கும் போனா: 7.5 சதவீதம், 6,000. உச்ச நீதிமன்றத்துல 10 சதவீதம், 8,000.
- கேஸ் நடக்கும்போதே இடைக்கால இழப்பீடா 20 சதவீதம் வரை, 16,000 கட்டச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு.
- தண்டனை ஆனா: அபராதம் 1,60,000 வரைக்கும், கூடவே சிறை.

இதுல வக்கீல் ஃபீஸ் சேர்க்கல. சென்னையிலிருந்து கடலூர் வந்து போற ஒவ்வொரு வாய்தாவுக்கும் 30,000 சம்பளக்காரருக்கு ஒரு நாள் லீவ்ல 1,000 ரூபாய் போகும், பஸ் செலவு தனி. அலட்சியத்துக்குத்தான் இங்க வட்டி ஜாஸ்தி.

"எனக்கு செக் புக்கே இல்லையே ப்ரோ"

இ.எம்.ஐ. இருக்கா? லோன் வாங்கும்போது நாச் மேண்டேட்ல ஓகே கொடுத்திருப்பீங்க. அக்கவுண்ட்ல பணம் இல்லாம அது ரிட்டர்ன் ஆனா, 2007-ம் வருஷத்து பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தோட 25-வது பிரிவு வருது. தண்டனை செக் பவுன்ஸ்க்கு உள்ளதேதான். அதனால சம்பள அக்கவுண்ட் மாத்தும்போது முதல்ல மேண்டேட்டை மாத்துங்க.

அதே சமயம், கிரெடிட் கார்டு கட்டலைன்னாலே கைதுன்னு யாராவது மிரட்டினா நம்பாதீங்க. கையில வசதி இல்லாம கடன் கட்ட முடியாதது மட்டுமே ஒருத்தரை உள்ளே தள்ளக் காரணம் ஆகாதுன்னு ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்குல 1980-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ரிகவரி ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாடியும் இரவு 7 மணிக்கு அப்புறமும் போன் பண்ணக்கூடாதுங்கிறது ரிசர்வ் வங்கி விதி.

வாட்ஸ்அப்ல வாரண்ட் பி.டி.எஃப். அனுப்பி, வீடியோ கால்ல உட்காரவச்சு, "டிஜிட்டல் அரெஸ்ட்"னு சொன்னா அது நூறு சதவீதம் மோசடி. அப்படி ஒரு கைது நம்ம சட்டத்துல கிடையாது. வாரண்ட்டை ரத்து பண்ண எந்த கோர்ட்டும் யு.பி.ஐ.-ல பணம் கேட்காது. உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. வாரண்ட் உண்மையா பொய்யான்னு தெரிய, மேல சொன்ன சி.என்.ஆர். எண்ணைக் கேளுங்க. போலின்னா பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்குவான்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

ஒண்ணு, இதுவரைக்கும் யார் யார்கிட்ட கையெழுத்துப் போட்ட செக் கொடுத்திருக்கீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. ரெண்டு, கடன் முடிஞ்ச செக்கை எல்லாம் திரும்ப வாங்குங்க, கிடைக்கலைன்னா முடிஞ்சதுன்னு எழுத்துல வாங்குங்க. மூணு, ஈ-கோர்ட்ஸ்ல உங்க பேரை ஒரு தடவை தேடுங்க. நாலு, சொந்த ஊர் வீட்டுக்குத் தபால் வந்தா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அம்மாகிட்ட சொல்லி வைங்க. "ஏதோ கோர்ட் தபால், பிள்ளை பயந்துடுவான்"னு அவங்க மறைச்சு வச்ச ஒரு கவர்தான் நிறைய கேஸ்ல வாரண்ட்டா மாறுது.

இது பொதுவான தகவல்தான். உங்க கேஸுக்கு உங்க வக்கீல் சொல்றதுதான் முக்கியம். ஆனா வக்கீலைப் பார்க்கப் போற அந்த முதல் அடியைத் தள்ளிப் போடாதீங்க. வாரண்ட் இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது, உண்மைதான். கோர்ட்டுக்கு நேரா போய் நின்னு, ரீகால் உத்தரவைக் கையில வாங்கிட்டு வெளிய வந்த அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குவீங்க.

இதை உங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஒரு தடவை பகிருங்க. யாருக்குத் தேவைன்னு நமக்குத் தெரியாது, அவங்களும் வெளிய சொல்ல மாட்டாங்க. அடுத்த பதிவுல, ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனை நண்பன் கட்டலைன்னா என்ன ஆகும்னு பார்ப்போம்.